குறி தவறினால் முதலில் எதைச் சோதிப்பது?



பாலம் கடந்து மன்னார்த் தீவுக்குள் நுழைகிற இடத்தில் நிற்கும் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1560இல் எழுப்பினார்கள். 1658இல் அது ஒல்லாந்தர் கைக்குப் போனது, 1795இல் ஆங்கிலேயர் கைக்கு. கொடி இரண்டு முறை மாறியது. கொத்தளத்தில் நின்ற சிப்பாயின் துப்பாக்கி மட்டும் அடிப்படையில் மாறவில்லை. உட்புறம் வழவழப்பான குழல், அதற்குள் தளர்வாக உருளும் ஈய உருண்டை. அதை வைத்து நூறு மீட்டருக்கு அப்பால் நிற்கும் ஒரு ஆளைக் குறிபார்த்து அடிப்பது அதிர்ஷ்டத்தின் வேலையாகவே இருந்தது. குறி தவறிய ஒவ்வொரு முறையும் பழி சிப்பாயின் தலையில் விழுந்தது. கை நடுங்கியது, கண்ணை மூடினான், மருந்தைச் சரியாக இடிக்கவில்லை என்றார்கள். பெஞ்சமின் ரொபின்ஸ் என்ற ஆங்கிலக் கணித அறிஞர் இந்தப் பழியை அப்படியே ஏற்க மறுத்தார். துப்பாக்கியியல் பற்றி 1742இல் அவர் வெளியிட்ட நூலும் அதைத் தொடர்ந்து அவர் செய்த சோதனைகளும் வேறொரு காரணத்தைக் காட்டின. குழலின் சுவரில் உரசி வெளியேறும் உருண்டை தாறுமாறாகச் சுழல்கிறது, சுழலும் உருண்டையைக் காற்று பக்கவாட்டில் தள்ளுகிறது என்றார் அவர். இதை நிறுவ ஒரு குழலின் முனையை இடப்பக்கம் வளைத்துச் சுட்டார். வழியில் மெல்லிய தாள்களைத் தொங்கவிட்டிருந்தார். தொடக்கத்தில் இடப்பக்கம் போன குண்டு, தூரம் போகப் போக வலப்பக்கம் திரும்பியதை அந்தத் தாள்களில் விழுந்த துளைகள் காட்டின. அங்கே நடுங்கும் கைக்கு இடமே இல்லை. கிழக்கிந்தியக் கம்பனியின் கோட்டைகளைச் சீரமைக்க 1750இல் சோழமண்டலக் கரைக்கு வந்த ரொபின்ஸ், அடுத்த ஆண்டு ஜூலை 29இல் கடலூர்ப் புனித டேவிட் கோட்டையில் காய்ச்சலில் இறந்தார்.  

ரொபின்ஸ் எழுப்பிய அதே கேள்வியோடு இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கி குறி தவறுவது. விளையாட்டுக் களத்தில் இருபத்தைந்து மீட்டரில் வைத்த தாளை நோக்கிச் சுடப்படும் துப்பாக்கியைப் பற்றித்தான் பேசுகிறேன். குறி தவறுகிறது என்றதும் இரண்டு கட்சிகள் எழும். பிழை எப்போதும் சுடுபவருடையதே என்பது ஒரு கட்சி. இந்தச் சாமான் சரியில்லை, வேறு வாங்கு என்பது மற்றது. இரண்டும் சோதிக்காமலே தீர்ப்புச் சொல்கின்றன. கையின் பிழையும் கருவியின் பிழையும் தனித்தனியே தாளில் விழுவதில்லை, கலந்தே விழுகின்றன. கலந்து விழும்போது பெரிய பிழை சிறிய பிழையை முழுதாக மறைத்துவிடுகிறது. ஆகவே எது பெரியது என்று அளந்து, அதை முதலில் நீக்கிய பிறகே அடுத்தது கண்ணுக்குப் புலப்படும். யார் குற்றம் என்ற கேள்விக்கு முன் எது பெரியது என்ற கேள்வி வரவேண்டும் என்பதே என் வாதம்.

இந்த மறைப்பு எப்படி நிகழ்கிறது என்பதற்கு எளிய கணக்கு உண்டு. ஒன்றையொன்று சாராத இரண்டு சிதறல்கள் சேரும்போது அவற்றை நேரே கூட்டக் கூடாது. ஒவ்வொன்றின் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். ஒருவருடைய கை மட்டும் நூறு மில்லிமீட்டர் சிதறலைத் தருகிறது, துப்பாக்கி மட்டும் ஐம்பது தருகிறது என்று வைத்துக்கொள்வோம். தாளில் தெரிவது நூற்றைம்பது அல்ல, ஏறத்தாழ நூற்றுப் பன்னிரண்டு. இப்போது அவர் பெரும் பணம் கொடுத்துத் துப்பாக்கியின் சிதறலை இருபத்தைந்தாகக் குறைக்கிறார். தாள் நூற்று மூன்றுக்கு இறங்குகிறது. ஒன்பது மில்லிமீட்டர்தான் லாபம், அதைக் கண்ணால் பார்த்து அறியவும் முடியாது. அதே ஆள் துப்பாக்கியைத் தொடாமல் கையின் சிதறலைப் பாதியாக்கினால் தாள் எழுபத்தொன்றுக்கு வந்துவிடுகிறது. புதிய துப்பாக்கி வாங்கியும் பயனில்லை என்று புலம்புபவர்களின் கதை இந்தக் கணக்குக்குள் அடங்கும். ஆனால் கணக்கு ஒரு பக்கம் மட்டும் சாயாது. கை முப்பதுக்கு வந்துவிட்ட ஒரு தேர்ந்த வீராங்கனையை எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பது தரும் துப்பாக்கியோடு அவர் தாள் ஐம்பத்தெட்டு. துப்பாக்கியைப் பாதியாக்கினால் முப்பத்தொன்பது. அவரிடம் போய் இன்னும் பயிற்சி செய் என்பது அநியாயம். பயிற்சியாளர் பலர் தொடக்கநிலைப் பிள்ளைக்கும் தேர்ந்தவருக்கும் ஒரே புத்திமதி சொல்வது இந்த இடத்தில்தான் தவறுகிறது.

அப்படியானால் தாளை எப்படிப் படிப்பது? துளைகள் எங்கே கூடியிருக்கின்றன என்பது ஒரு கேள்வி, எவ்வளவு பரந்திருக்கின்றன என்பது வேறு கேள்வி. பத்துத் துளைகளும் ஒரு சிரட்டைக்குள் அடங்கும்படி நெருங்கி, ஆனால் நடுவிலிருந்து விலகி விழுந்திருந்தால் பெரும்பாலும் அது குறிக்கருவியின் சேதி. துப்பாக்கியும் கையும் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்திருக்கின்றன, இடம்தான் பிசகியிருக்கிறது. 2008 ஆகஸ்ட் 11இல் பீஜிங்கில் அபினவ் பிந்திராவுக்கு நேர்ந்தது இதுவே. அவர் சுட்டது காற்றழுத்த ரைபிள், ஆனாலும் பாடம் ஒன்றுதான். இறுதிப் போட்டிக்கு முன்னான மாதிரிச் சூடுகள் எங்கோ போய் விழுந்தன, குறிக்கருவி இடம் மாறியிருந்தது என்று பின்னர் அவர் சொன்னார். அந்த நேரத்தில் தன் கையைச் சந்தேகித்துத் தோளையும் மூச்சையும் மாற்றியிருந்தால் தங்கம் போயிருக்கும். குறிக்கருவியைத் திருகிச் சரிசெய்தார், 700.5 புள்ளியோடு இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தை வென்றார்.

துளைகள் பரந்து விழுந்தால் கதை வேறு, அங்கேதான் பொறுமை தேவை. மூன்று ரவை சுட்டுவிட்டு முடிவு சொல்பவர்கள் நிறைய. ஒரே துப்பாக்கி, ஒரே கை, ஒரே ரவை என்றாலும் தற்செயலால் மட்டுமே ஐந்து துளைகளின் விரிவு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கூடியும் குறைந்தும் வரும். பத்து ரவையின் விரிவு சராசரியில் ஐந்து ரவையின் விரிவைவிட நான்கில் ஒரு பங்கு பெரிது, மூன்று ரவையினதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். நேற்று ஐந்து ரவை நன்றாக விழுந்தது, இன்று எண்ணெய் மாற்றினேன், கெட்டுவிட்டது என்பது சோதனை ஆகாது. பத்துப் பத்தாக மூன்று தாளாவது வேண்டும், இரண்டு தாளுக்கு இடையே ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். மன்னார்த் தீவின் பேசாலைக் கரையில் வெளியிணைப்பு எஞ்சின் திருத்துபவரைப் பாருங்கள். பிளக்கையும் எண்ணெய்க் குழாயையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு எஞ்சின் உறுமினால், எது கெட்டிருந்தது என்று அவருக்கே தெரியாமல் போய்விடும். ஒன்றை மாற்றி, கயிற்றை இழுத்து, காது கொடுத்து, பிறகு அடுத்ததுக்குப் போவார்.

பெரும்பாலானவர்களிடம் கைதான் பெரிய பிழை என்பதற்குத் துப்பாக்கியின் வடிவமே சான்று. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே பல கைத்துப்பாக்கிகளில் சுமார் நூற்றறுபது மில்லிமீட்டர் தூரம். சுடும் கணத்தில் முன்குறி பின்குறியின் வெட்டுக்குள் ஒரே ஒரு மில்லிமீட்டர் சாய்ந்தால், இருபத்தைந்து மீட்டரில் சன்னம் நூற்றைம்பத்தாறு மில்லிமீட்டர் விலகுகிறது. பன்னாட்டுப் போட்டியில் நிதானச் சூட்டுக்கான தாளில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் ஐம்பது மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் சாய்வு பத்தை நாலாக்கிவிடும். மாறாக, முன்குறியும் பின்குறியும் ஒன்றோடொன்று நேராக நிற்க, கை முழுதாக ஒரு சென்டிமீட்டர் பக்கம் நகர்ந்தால் துளையும் ஒரு சென்டிமீட்டர்தான் நகரும். புதியவர்கள் அஞ்சுவது கையின் ஆட்டத்தை. உண்மையில் கெடுப்பது மணிக்கட்டின் சாய்வு. அந்தச் சாய்வு பெரும்பாலும் விசையை இழுக்கும் கடைசிக் கணத்தில், விரல் தனியே அசையாமல் முழுக் கையும் சேர்ந்து இறுகும்போது வருகிறது. வெடிச் சத்தத்தையும் உதைப்பையும் எதிர்பார்த்து உடம்பு முன்கூட்டியே சுருங்குகிறது. நடுங்கினாயா என்று கேட்டால் இல்லை என்றுதான் மனமாரச் சொல்வார்கள், ஏனென்றால் அவர்களுக்கே தெரிவதில்லை. இதை வெளியே கொண்டுவர ஒரு பழைய வழி உண்டு. சுடுபவர் அறியாமல் வேறொருவர் ரவைக்கூட்டில் உண்மை ரவைகளுக்கு நடுவே வெடிக்காத போலி ரவைகளைக் கலந்துவிடுவார். போலி வரும் முறை வெடிப்பு இல்லை, உதைப்பு இல்லை. அப்போது துப்பாக்கியின் மூக்கு அசையாமல் நின்றால் கை நல்லது. வெறும் கிளிக் சத்தத்தோடு மூக்கு குப்புற விழுந்தால், அத்தனை நாளும் உதைப்பு மூடி மறைத்திருந்த உண்மை எல்லோர் கண் முன்னும் நிற்கும். கண்ணையும் மறந்துவிடக் கூடாது. கண் ஒரே நேரத்தில் பின்குறி, முன்குறி, தாள் மூன்றையும் தெளிவாகப் பார்க்காது. தெளிவு முன்குறியில் இருக்க வேண்டும், தாள் மங்கலாகட்டும். நாற்பத்தைந்தைத் தாண்டியவருக்கு வெள்ளெழுத்து வந்திருந்தால் முன்குறியே மங்கிவிடும். அங்கே துப்பாக்கி திருத்துபவருக்கு வேலை இல்லை, கண்ணாடிக்காரருக்குத்தான்.

இங்கே ஒரு எதிர்ப்பு வரும். பழக்கமானவர் தாளைப் பார்த்ததும் பிழையைச் சொல்லிவிடுவாரே, அதற்கென வட்டமாக வரைந்த படமும் இருக்கிறதே என்பார்கள். உண்மை. கீழே இடப்பக்கம் விழுந்தால் விசையைப் பிடுங்கினாய், வலப்பக்கம் விழுந்தால் பெருவிரலால் தள்ளினாய் என்று துண்டு துண்டாகப் பிரித்த அந்தப் படம் சுவரெல்லாம் தொங்குகிறது. அது ஒற்றைக் கையால் சுடும் வலக்கையருக்கென வரைந்தது. இரு கையால் பிடிப்பவருக்கும் இடக்கையருக்கும் அப்படியே பொருந்தாது. அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. துளை இடப்பக்கம் விழுந்தது விரலாலா, பின்குறி தன் காடியில் நகர்ந்ததாலா என்று பிரித்துச் சொல்ல அதற்கு வழியில்லை. பிழை கையில்தான் என்று முதலிலேயே முடிவெடுத்துவிட்டு, பிறகு கையின் எந்தப் பிழை என்று சொல்கிறது. நோயாளியைத் தொடாமல் மருந்து எழுதுவது போன்றது அது. பழக்கமானவரின் கண்ணை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் கண் சொல்வதை ஊகமாக எடுத்துக்கொண்டு, மணல்மூட்டையில் துப்பாக்கியைத் தாங்கிப் பத்து ரவை, அதே துப்பாக்கியை வேறொரு நல்ல கையில் கொடுத்துப் பத்து ரவை என்று சோதித்துவிடுவதில் என்ன நட்டம்? இறுகப் பிடிக்கும் இரும்புத் தாங்கி எல்லாரிடமும் இருக்காது. மணல் இந்தத் தீவில் எங்கும் கிடைக்கும். மணல்மூட்டையில் தாளின் விரிவு சட்டென்று சுருங்கினால் பிழை கையில் இருந்தது. சுருங்காவிட்டால், வேறு கைக்கு மாறியும் அப்படியே இருந்தால், அதன் பிறகே துப்பாக்கியைக் குறைசொல்ல உரிமை வருகிறது.

அந்த உரிமை வந்ததும் எங்கே பார்ப்பது? ரவையை முதலில் மாற்றிப் பார்க்க வேண்டும், ஏனெனில் அதுவே மலிவான சோதனை. ஒரு வகை ரவை ஒரு குழலுக்கு ஒத்துப்போகும், இன்னொன்றுக்கு ஒத்துப்போகாது. சன்னத்தின் எடை மாறினால் துளை விழும் உயரமும் மாறும். கனமான, மெதுவான சன்னம் கீழே விழும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். கைத்துப்பாக்கித் தூரத்தில் பெரும்பாலும் அது மேலே விழுகிறது. குழலுக்குள் அது கூடுதல் நேரம் தங்குவதால், வெளியேறுவதற்குள் உதைப்பு மூக்கைக் கொஞ்சம் தூக்கிவிடுகிறது.

அடுத்தது அரைத் தானியங்கிக்கே உரிய பிழை. பெரிய ரவை சுடும் பல வகைகளில் குழல் அசையாமல் நிற்பதில்லை. சுட்டதும் மேலே உள்ள ஸ்லைட் பின்னே போகும்போது குழல் கொஞ்சம் சாய்ந்து விடுபடும், ஸ்லைட் திரும்பி வரும்போது மீண்டும் எழுந்து பூட்டிக்கொள்ளும். குறிக்கருவிகள் ஸ்லைட்டின் மேலே இருக்கின்றன, சன்னம் குழலுக்குள்ளிருந்து போகிறது. எனவே ஒவ்வொரு முறையும் குழல் ஸ்லைட்டுக்குள் முன்பிருந்த அதே இடத்துக்குத் திரும்புகிறதா என்பதுதான் கேள்வி. நூற்றிருபத்தைந்து மில்லிமீட்டர் நீளக் குழலின் முனை ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு இடம் மாறினால், இருபத்தைந்து மீட்டரில் இருபது மில்லிமீட்டர் விலகும். இதற்கு ஒரு அடையாளம் உண்டு. ஒவ்வொரு ரவைக்கூட்டிலும் முதல் துளை மட்டும் தனியே விலகி, மற்றவை ஒன்றுகூடி விழும். முதல் ரவையை மனிதக் கை ஏற்றுகிறது, மற்றவற்றை எந்திரம் தன் வேகத்தில் ஏற்றுகிறது. இரண்டு வேகத்துக்கும் குழல் இரண்டு விதமாகப் பூட்டுகிறது. இதைக் கைப்பிழை என்று நினைத்து வருடக்கணக்கில் முதல் சூட்டுக்கு மட்டும் தனிப் பயிற்சி செய்வோர் பாவம். விளையாட்டுக்கென்றே செய்த சிறிய ரவைத் துப்பாக்கிகளில் பெரும்பாலும் குழல் நிலையாக நிற்பதால் இந்தத் தொல்லை இல்லை. குழல் வாயின் விளிம்பு அடிபட்டிருக்கிறதா, பின்குறி ஆடுகிறதா என்பவற்றை நகத்தாலும் வெளிச்சத்தாலும் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

மன்னார்க் கரைக்கென்று தனியே இரண்டு சொல்ல வேண்டும். சோளகம் வீசும் மாதங்களில் இந்தத் தீவின் காற்று எவ்வளவு வலியது என்பதற்கு, தென்கரையில் 103.5 மெகாவாட்டுக்கு நிற்கும் முப்பது காற்றாலைகளே சாட்சி. காற்று சன்னத்தைத் தள்ளிவிட்டது என்று சொல்வது அதனால் எளிது. ஆனால் வினாடிக்குப் பத்து மீட்டர் வேகப் பக்கக் காற்றுகூட இருபத்தைந்து மீட்டரில் கைத்துப்பாக்கிச் சன்னத்தை இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் தள்ளாது. அதே காற்று நீட்டிய கையில் மோதி முன்குறியை ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு சாய்த்தாலே மூன்று சென்டிமீட்டர் போய்விடுகிறது. ஆகவே தீர்வு குறியைக் காற்றுக்கு எதிரே நகர்த்துவதில் இல்லை, வேகம் அடங்கும் இடைவெளிக்குக் காத்திருப்பதில்தான். இரண்டாவது உப்பும் மணலும். உப்பளத்துப் பக்கம் ஒரு சைக்கிள் சங்கிலி எத்தனை நாள் தாங்கும் என்று இங்குள்ளவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குழலுக்குள் துரு அரித்த குழிகளில் ஈயமும் செம்பும் படியும். ஸ்லைட் ஓடும் காடியில் தாராளமாகப் பூசிய எண்ணெய் மணலைப் பிடித்து வைத்து அரைக்கும் பசையாகிவிடும், ஸ்லைட் மயிரிழை மூடாமல் நிற்கும், குழல் சரியாகப் பூட்டாது. உள்நாட்டில் நல்ல பராமரிப்பாகக் கருதப்படும் தாராள எண்ணெய் இங்கே தீங்கு. துடைத்து, மெல்லிய பூச்சு மட்டும் விட்டு, அடிக்கடி திறந்து பார்ப்பதே இந்தக் கரைக்குப் பொருந்தும்.

எல்லாம் கையின் பிழை என்று ஒரே வாயில் சொல்பவர்களுக்கு 2021 ஜூலை 25 நினைவில் இருக்கட்டும். தோக்கியோ ஒலிம்பிக்கில் பத்து மீட்டர் காற்றழுத்தக் கைத்துப்பாக்கித் தகுதிச் சுற்றின் நடுவே இந்திய வீராங்கனை மனு பாக்கரின் கருவி பழுதாகி, அதைச் சரிசெய்வதற்குள் நிமிடங்கள் கரைந்தன. எஞ்சிய நேரத்தில் அவசரமாகச் சுட்டு 575 புள்ளியோடு பன்னிரண்டாம் இடம் பெற்றார். இறுதிச் சுற்று இரண்டு புள்ளியில் கைநழுவியது. அழுத்தம் தாங்காத பிள்ளை என்று எவ்வளவு எளிதாகச் சொன்னார்கள்! 2024இல் பாரிசில் அதே கைகள் இரண்டு வெண்கலம் வென்றன, இருபத்தைந்து மீட்டரில் நான்காம் இடத்தையும் எட்டின.

இறுதியாக, போரைக் கண்ட இந்த ஊரில் நின்று துப்பாக்கியைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று உங்களில் சிலர் மனதில் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். அந்தக் கேள்வியில் உள்ள வலியை நான் அறிவேன், அதற்கு விரைவான பதில் சொல்லத் துணியவும் மாட்டேன். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகருவிகள் கட்டளைச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் இந்நாட்டில் எவரும் சுடுகருவி வைத்திருக்க முடியாது, அது அப்படியே இருக்கட்டும். ஆனால் தோக்கியோவில் தெஹானி எகொடவெல இலங்கைக்காக ரைபிள் ஏந்தி நின்றார். அப்படியொரு மேடைக்கு இந்தக் கரையிலிருந்து ஒரு பிள்ளை போக விரும்பினால், அதை வரலாற்றின் பெயரால் நாம் தடுக்க வேண்டுமா? பொருளுக்குப் பயப்படுவது ஒன்று, பொருளை அறியாமலிருப்பது இன்னொன்று. அந்தப் பிள்ளை குறி தவறும் நாளில் அவளைத் திட்டுவதற்கு முன்பாக, திகதியும் காற்றும் ரவையின் பெட்டி இலக்கமும் மூலையில் குறித்த முப்பது துளைத் தாள் ஒன்றை யாராவது அவள் முன் விரித்து வைக்க வேண்டும். முதல் துளை தனியே நிற்கிறதா என்று அவளோடு சேர்ந்து குனிந்து பார்க்க வேண்டும்.